திருடினேன் என்று சொல்லுங்கள்

அன்று மழை பெய்ததா, கடலிலிருந்து அடித்த சாரல்தானா என்பது இப்போது சரியாக நினைவில்லை. அலெக்சாந்திரியாவின் குளிர்காலத்தில் இரண்டும் முகத்தில் ஒன்றுபோலத்தான் அறையும். ஆனால் வஜ்தி சொட்டச் சொட்ட மாடியேறி, உம்மு ஷாதியின் கதவைத் தட்டி, அவள் திறந்ததும் சொன்னது மட்டும் மறக்கவில்லை.

"என் ப்ரோகிராமைத் திருடினது நீங்கதான். ஒத்துக்கோங்க."

உம்மு ஷாதி கதவை அகலத் திறந்தாள். "வாங்க இன்ஜினியரே. போன தடவை தெருவுக்கே கேக்கற மாதிரி கத்தினீங்க. கீழே காய்கறிக்காரன் இன்னமும் என்னைப் பாத்தா தராசை உள்ளே இழுத்து வெச்சுக்கறான். இந்தத் தடவை உக்காந்து கத்துங்க, டீ போடறேன்."

அவன் கத்தவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டான்.

"உங்க கால்ல விழறேன், உம்மு ஷாதி. திருடினேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

அவள் முகத்திலிருந்த கேலி அடங்கியது.

வஜ்தியின் மகள் ரீஹாமுக்குப் பேச்சில்லை. அவள் உடம்பில் அவள் சொன்னபடி கேட்பது வலது சுட்டுவிரல் ஒன்றுதான். அதுவும் ஓயாமல் நடுங்கும். அதில் எது நடுக்கம், எது சொல் என்று பிரித்தறிந்து குரலாக்கித் தரும் நிரல் ஒன்றை வஜ்தி பல வருடம் உட்கார்ந்து எழுதியிருந்தான். சிகிச்சை மையத்தில் அந்தக் குரலைக் கேட்ட உம்மு ஷாதி, அதே நோயுள்ள தன் மகனுக்கும் அது வேண்டுமென்று கெஞ்சினாள்.

"ஒரு தடவை வெளியே போனா ஊருக்கே போயிடும்" என்று மறுத்துவிட்டான்.

அன்றே நிரலின் வரிகளை யாரும் படிக்க முடியாதபடி குழப்பிப் பூட்டினான். பூட்டாத பிரதி ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை. சாவியோ மனப்பாடத்துக்கு அடங்காத எழுத்துக்கோவை. அதை மகளின் கணினிக்குள்ளேயே ஒளித்து வைத்தான். வேறெங்கே வைத்தாலும் யாராவது எடுத்துவிட மாட்டார்களா?

சென்ற வாரம், போன மின்சாரம் திரும்பி வந்த வேகத்தில் அந்தக் கணினி கருகிப்போனது.

"கம்ப்யூட்டர் எரிஞ்சு போச்சு. ப்ரோகிராமும் அதோட போச்சு" என்றான் வஜ்தி. "எம்பொண்ணுக்கு எங்கேயோ வலிக்குது. கண்ணுல தண்ணி நிக்காம ஊத்துது. எங்கேன்னு சொல்ல முடியல. டாக்டர் வயித்தை அமுக்கறார், காதுக்குள்ள பாக்கறார், உதட்டைப் பிதுக்கறார். அந்த விரல் ஏதோ சொல்லிக்கிட்டே இருக்கு. பெத்த அப்பன் எனக்கே ஒண்ணும் புரியல."

சன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்த அவள் மகன் ஷாதி, மணிக்கட்டால் கைப்பிடியில் இடித்தான்.

"தண்ணியாடா கண்ணு?" என்று எழுந்தாள் உம்மு ஷாதி. அவன் மறுபடி இடித்தான். "குளிருதா? சன்னலைச் சாத்தட்டுமா? டீ வேணுமா?" சன்னலைச் சாத்தினாள்; போர்வையை இழுத்து விட்டாள். இடிப்பது நிற்கவில்லை. வஜ்தி அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

"உங்க தம்பி ஹம்தி உடைக்காத பூட்டே இல்லன்னு எல்லாரும் சொல்வாங்க. பூட்டினதுக்கப்புறம் ஒரு நாள் மையத்துல நான் தொழப் போனப்ப, கம்ப்யூட்டர் பக்கத்துல நின்னது நீங்க ஒருத்தர்தான். கேட்டதுக்கு, வல்லாஹி தொடலைன்னு சத்தியம் பண்ணினீங்க. அந்தச் சத்தியம் பொய்யா இருக்கட்டும், உம்மு ஷாதி. பாவத்தை நான் சுமக்கறேன்."

கீழே ஒரு டிராம் கடந்துபோய், அதன் அதிர்வு சன்னல் கண்ணாடியில் கொஞ்ச நேரம் இருந்து, அதுவும் அடங்கிற்று.

"பொய்தான்" என்றாள் கடைசியில். "எடுத்தேன்."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது. அவள் கையை முத்தமிடக் குனிந்தான். அவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். திருடியைக் கண்டு அத்தனை சந்தோஷப்பட்டவன் அந்த ஊரில் வேறொருவன் இருந்திருக்க மாட்டான்.

"இருக்கா? இன்னும் வெச்சிருக்கீங்களா?"

"இதை யாராவது தூக்கிப் போடுவாங்களா?"

உள்ளே போய், தொழுகை விரிப்பின் மடிப்பிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து வந்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். வஜ்தி அதை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டான். அவள் முகமும் இப்போது மலர்ந்திருந்தது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"ஹம்தி இதோட முட்டாத முட்டு இல்ல. வெறும் கிறுக்கல்தான் வந்துச்சு. 'பூட்டினவன் மனசு வெச்சாத்தான் உண்டு அக்கா'ன்னு சொல்லிட்டு துபாய்க்குப் போயிட்டான். அன்னையிலேர்ந்து ஒவ்வொரு தொழுகையிலயும், உங்க மனசு இளகணும்னுதான் துஆ கேக்கறேன். இன்னைக்கு நீங்களே வந்து நிக்கறீங்க. நம்ம ரெண்டு பேர் பிள்ளைங்களும் பேசப் போகுது."

முக்காட்டு முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"சாவி கொண்டு வந்திருக்கீங்கல்ல?"