ஒஸ்லோ பார்க்க வந்தவர்கள்

"கொஞ்சம் சிரியுங்கோ நிலூஜா. குளிர்காத்திலை முகம் சுருங்கிப்போய்க் கிடக்கு" என்றபடி கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்தான் ஹரிசன்.

ஒபரா மண்டபத்தின் வெள்ளைக் கூரையில், பின்னால் கடல் தெரிய, நிலூஜா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். காற்றின் மேல் பழி போட்டுப் பயனில்லை. காலையிலிருந்தே அவள் முகம் அப்படித்தான் இருந்தது.

ஜெர்மனியிலிருந்து அக்காவும் தம்பியுமாக வந்திருக்கிறார்களாம். தெரிந்த ஆட்களின் பிள்ளைகளாம். ஒஸ்லோ பார்க்க ஆசையாம். "எனக்குக் கால் நோகுது பிள்ளை, நீயே கூட்டிக்கொண்டு போய்க் காட்டு" என்றாள் அம்மா ராசமலர்.

யார் காதில் பூச்சுற்றுகிறாள்! போன கிழமை குசினிக்குள் நின்று அம்மா தொலைபேசியில் கிசுகிசுத்ததை நிலூஜா தன் காதாலேயே கேட்டிருந்தாள். "பிள்ளைக்கு நான் இன்னும் சொல்லேல்லை. முதலிலை நீங்கள் வந்து பாருங்கோ, அவளோடை கதையுங்கோ. கலியாணப் பேச்சைப் பிறகு எடுப்பம்."

பொம்பிளை பார்ப்பு! ஊரில் கோயில் வீதியில் தற்செயலாகச் சந்திப்பதுபோல நடத்துகிற அதே நாடகம்தான், இங்கே சுற்றுலா என்ற பெயரில் நடக்கிறது. இந்த நாட்டில் பிறந்து, படித்து, சொந்தக் காலில் நிற்கிற மகளிடம் ஒரு சொல் கேட்கவில்லையே என்று நினைக்க நினைக்க அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

காலையில் அவர்கள் நகரத்துக்கு வெளியே ஹொல்ம்லியாவில் இருக்கிற வீட்டுக்கு வந்தபோது நிலூஜா அறையைவிட்டு வெளியே வரவேயில்லை. தேத்தண்ணித் தட்டோடு போய் நிற்க அவள் என்ன கண்காட்சிப் பொருளா? கடைசியில் அம்மாவே பச்சைச் சேலை கட்டி, குனிந்த தலை நிமிராமல் தட்டைக் கொண்டுபோய் நீட்டினாள். மாப்பிள்ளை வீட்டாரென்றால் அவ்வளவு பயம்.

சரி, ஊர்தானே பார்க்கவேண்டும், வாருங்கள் என்று இருவரையும் இழுத்துக்கொண்டு ஒபராவிலிருந்து விறுவிறுவென ஆக்கர்ஸ்ஹூஸ் கோட்டைக்கு ஏறினாள். அவர்களுக்கு மூச்சு வாங்கியது. வாங்கட்டும்.

"எங்கட ரேகன்ஸ்பூர்க்கிலையும் இப்பிடித்தான். பழைய கல்லுப் பாலம், பெரிய தேவாலயம்..." என்றாள் அக்காக்காரி டிலானி. "ஆர் வந்தாலும் அப்பாதான் சுத்திக் காட்டுவார். அம்மா இல்லாத வீட்டிலை தனிய இருக்கமாட்டார்."

"இது முந்தி மறியல்வீடு" என்றாள் நிலூஜா. "ஆக்களிட்டை ஒண்டும் கேக்காமல் பிடிச்சு அடைச்சு வைக்கிறது."

குத்தல் டிலானிக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை. அவள் மதிலில் சாய்ந்துகொண்டு வேறு கதை எடுத்தாள். "அம்மாவுக்குப் பிரஷர், சீனி வருத்தம் ஒண்டும் இல்லையோ?"

"இல்லை."

"நீங்கள் வேலைக்குப் போனால் நாள் முழுக்கத் தனியவோ இருக்கிறவ?"

"ஓம், தனியத்தான்."

"வேறை நாட்டிலை வந்து இருக்கச் சொன்னால் இருப்பாவோ?"

நிலூஜாவுக்குச் சுள்ளென்று ஏறியது. மகளைக் கட்டினால் தாயும் சேர்ந்து தலையில் விழுவாளோ என்று ஆழம் பார்க்கிறார்கள்! வடகோடியில் பாட்ஸ்பியோர்டில் பனிக்குள் நின்று மீன் வெட்டியவள், அப்பா போன பிறகு ஒற்றை ஆளாக நின்று மகளை ஆளாக்கியவள், இவர்களுக்குச் சுமையா? அம்மாவின் மேல் இருந்த கோபமும் சேர்ந்து இவர்கள் மேல் பாய்ந்தது.

"அடுத்தது சிலைப் பூங்காவோ?" என்று கேட்டான் ஹரிசன்.

"ஒரு இடமும் போகத் தேவையில்லை! நீங்கள் ஒஸ்லோ பாக்க வரேல்லை. பொம்பிளை பாக்க வந்தனீங்கள். ஓமோ, இல்லையோ?"

படம் எடுத்துக்கொண்டு நின்ற வெள்ளைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஹரிசனின் முகம் செத்துப்போயிற்று.

"ஓம்" என்றான். "ஒளிச்சது பிழைதான். உங்கட அம்மாவுக்கு உங்களிட்டை நேரை கேக்க வெக்கமாம். அதுதான்..."

"வெக்கமோ? செய்யிறதெல்லாம் செய்துபோட்டு வெக்கமோ? எங்கட வீட்டிலை ஒரு கலியாணமும் நடக்காது. நானே சொல்லுறன் அவவுக்கு!"

அங்கேயே நின்று அழைத்தாள். மணி அடிக்க முன்னமே அம்மா எடுத்தாள். "என்ன பிள்ளை, கதைச்சவையோ?"

"கதைச்சது காணும். எனக்கு விருப்பமில்லை அம்மா. இது நடக்காது. இனி இந்தக் கதையே எடுக்கக்கூடாது!"

ஒரு பாட்டம் அழுகையையும் கெஞ்சலையும் எதிர்பார்த்து, அதற்கும் பதில் தயாராக வைத்திருந்தாள் நிலூஜா.

"சரியம்மா" என்றாள் ராசமலர். "உனக்கு விருப்பமில்லாட்டி எனக்கும் வேண்டாம். நேரத்துக்குச் சாப்பிட வா."

இவ்வளவு சுலபமாக வெல்லுவாளென்று நிலூஜாவே நினைத்திருக்கவில்லை. தொலைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். டிலானி கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா எவ்வளவு ஆசையோடை பாத்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு என்னெண்டு சொல்லுறது?"

"என்னைவிட நல்ல மருமகள் கிடைப்பாள் எண்டு சொல்லுங்கோ!"

அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹரிசன்தான் மெல்ல வாய் திறந்தான்.

"நாங்கள் பாக்க வந்தது உங்கட அம்மாவை, தங்கச்சி. எங்கட அப்பாவுக்கு."