லிமாவில் மதியச் சாப்பாடு

கலிபோர்னியாவில் வசிக்கும் மில்பிடாஸ் மாரிசாமி எதையும் சாப்பிடுவார். வேலை நிமித்தம் எந்த நாட்டுக்குப் போனாலும், தட்டில் வந்ததை என்னவென்று கேளாமல் உண்டு முடித்த பிறகே அதன் பெயரை விசாரிப்பார். சாப்பாட்டுக் கடையைத் தேடி வைத்துக்கொண்டு பயணம் புறப்படுகிறவர்களைக் கண்டால் அவருக்குச் சிரிப்பு வரும்.

அப்படிப்பட்டவர் சில நாள்களாகக் கைப்பேசியும் கையுமாக வீட்டுக்குள் உலாத்திக்கொண்டிருந்தார். பெரு நாட்டின் லிமா நகரில் மதிய உணவுக்கு எந்தக் கடை உகந்தது என்பதே தேடல். ஒன்றைத் தேர்ந்தெடுப்பார், உடனே வேண்டாம் என்பார். சோபாவில் அமர்வார், மறுகணம் எழுந்துவிடுவார்.

"சனிக்கிழமை லஞ்ச் ரெனாடோ வீட்டுலதாம்ப்பா. அவங்க அம்மா மெனுகூட பிளான் பண்ணிட்டாங்க," என்றாள் மகள் விஷாகா.

ரெனாடோவை மணக்க வேண்டும் என்பது அவள் விருப்பம். மாரிசாமி சரியென்றும் சொல்லவில்லை, கூடாதென்றும் சொல்லவில்லை. 'போய்ப் பார்ப்போம்' என்ற ஒற்றைப் பேச்சோடு மூவருக்கும் டிக்கெட் எடுத்திருந்தார்.

"அவங்களுக்கு எதுக்கும்மா வீண் சிரமம்? போனதும் ஒரு காப்பி குடிப்போம். சாப்பாட்ட வெளிய பாத்துக்கலாம்."

"மீன எலுமிச்சைச் சாறுல ஊறவெச்சு செவிச்சே பண்றாங்கப்பா. சான் ஹோசேல ரெண்டு பிளேட் அடிச்சீங்களே, அதேதான்."

"வயிறு முன்ன மாதிரி இல்லம்மா."

அடுக்களையிலிருந்து மனைவி ஷ்யாமளா எட்டிப் பார்த்தாள். "ஏங்க, மத்தியானம் வியட்நாம் கடையில அவ்வளவு பெரிய கிண்ணத்தக் காலி பண்ணுனது யாரோட வயிறு?"

மாரிசாமி கைப்பேசியில் அடுத்த கடையின் படத்தைத் தள்ளினார்.

விஷாகாவின் முகம் வாடியது. "அவங்கள உங்களுக்குப் பிடிக்கலன்னு நினைப்பாங்கப்பா. இட்ஸ் ஜஸ்ட் லஞ்ச்."

அந்நேரம் அவர் கைப்பேசி ஒலித்தது. ரெனாடோ. ஸ்பீக்கரில் போட்டார்.

"அங்கிள், சனிக்கிழமை மதியம் வீட்டுக்குப் பக்கத்து ரெஸ்டாரண்டில் டேபிள் புக் பண்ணிவிட்டேன்," என்று அவன் ஆங்கிலத்தில் சொன்னான். "வீட்டில் காப்பி மட்டும்தான்."

விஷாகா திகைத்தாள். "ஏன்? உன் அம்மா ஆசையாக இருந்தாரே," என்று ஆங்கிலத்திலேயே கேட்டாள்.

"அம்மாதான் வேண்டாம் என்றார். உங்கள் ஊர் வழக்கத்தை ஷ்யாமளா ஆன்ட்டியிடம் கேட்டாராம்." ரெனாடோ சற்றுத் தயங்கி, மனப்பாடம் செய்ததைத் தமிழில் ஒப்பித்தான்: "கய் நனய்க்கிற்து."

மறுபடி ஆங்கிலத்துக்குத் தாவினான். "பெண்ணைக் கொடுப்பதென்று முடிவாகாமல் மாப்பிள்ளை வீட்டில் சாப்பிட மாட்டீர்களாமே, அங்கிள். சாப்பாட்டைப் போட்டு உங்கள் சம்மதத்தை வாங்கக் கூடாது என்கிறார் அம்மா. நீங்கள் நிதானமாக யோசியுங்கள்."

விஷாகா தந்தையைப் பார்த்தாள். ஷ்யாமளா எதுவும் காதில் விழாதவள்போல அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மாரிசாமியின் நடை நின்றது. சோபாவில் அமர்ந்தார், இம்முறை எழவில்லை. கைப்பேசியை மகளிடம் நீட்டினார்.

"டேபிள் வேண்டாம்னு சொல்லும்மா. அவங்க வீட்டுலயே கை நனைச்சுக்கலாம்."