வடிவக்காவுக்கான ஜெபம்

"வடிவக்கா, இப்பதான் நடக்க ஆரம்பிச்சிட்டீங்களே. இந்த ஞாயித்துக்கிழமை என்னோட சர்ச்சுக்கு வாங்களேன்."

கஞ்சிக் கோப்பையை நீட்டியபடியே கேட்டாள் டோரீன்.

சண்முகவடிவு சிரித்தாள். "கோவிச்சுக்காத டோரீனு. பொறந்ததிலேருந்து மாரியாத்தாவத்தான் கும்பிடுறேன். இந்த வயசுல அவள விட்டுட்டு எங்க வர்றது?"

வட்டவளைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் ஒரே லயத்தில் இருவருக்கும் அடுத்தடுத்த வீடு. கொழுந்து பறிக்கப் போன இடத்தில் சறுக்கி விழுந்து சண்முகவடிவின் கால் முறிந்தது. ஒரே மகள் குவைத்தில். சமைத்துக் கொடுத்தது, குளிப்பாட்டியது, தினமும் சாயங்காலம் கட்டிலருகே முழங்காலிட்டு ஜெபித்தது எல்லாம் டோரீன்தான். அவள் கணவன் றோலண்ட் வெந்நீர் வாளியைத் தூக்கி வருவான். ஜெபம் முடியும்வரை வாசலிலேயே நிற்பான்.

ஜெபத்தின் முடிவில் சண்முகவடிவும் "ஆமென்" என்பாள். அந்த நம்பிக்கையில்தான் டோரீன் கூப்பிட்டாள்.

கூட வேலை செய்யும் ஷிராணிக்கு இதைக் கேட்டதும் கோபம் வந்தது. "வர மாட்டேன்னு சொல்லிட்டாங்கல்ல? இனி எதுக்கு அவங்களுக்கு இவ்வளவு பாடு படுற?"

"அவங்களால இன்னும் வாளி தூக்க முடியாதே ஷிராணி."

மறுநாளும் கஞ்சி போனது. ஜெபமும் நடந்தது.

ஞாயிறு காலை. பைபிளோடு வெளியே வந்த டோரீன் அப்படியே நின்றுவிட்டாள். கல்யாணத்துக்கு மட்டும் போடும் வெள்ளைச் சட்டையில் றோலண்ட் வாசலில் காத்திருந்தான்.

"எங்கங்க கெளம்பிட்டீங்க?"

"சர்ச்சுக்கு."

மகனை அடக்கம் செய்த அன்றோடு ஆண்டவரிடம் பேசுவதையே நிறுத்திவிட்டவன் அவன். கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோய், அவனைக் கேட்பதையே அவள் விட்டிருந்தாள்.

"திடீர்னு என்னங்க?"

றோலண்ட் அடுத்த வீட்டைக் காட்டினான்.

"அக்காதான் விட மாட்டேங்குறாங்க. 'அந்தப் புள்ள தெனம் முட்டி போட்டுக் கேக்குது தம்பி. நான் மாறி வர முடியாது. அதுக்காக அது கேட்டது வீணாப் போகலாமா? எனக்குப் பதிலா நீ போய்ட்டு வா'ங்குறாங்க!"