பதினைந்தாயிரம் ரூபாய்ச் சுவர்

அந்தச் சுவருக்கு அவர் சொன்ன விலை பதினைந்தாயிரம்.

முதல் மாடியில், அவர் வீட்டு வாசலை ஒட்டிய சுவர். சுவர் எட்டு வீட்டுக்கும் பொது. வாசல் அவருடையது. அவர் தலையாட்டாமல் அதில் ஓர் ஆணிகூட இறங்காது.

படிக்கட்டுக்கு அடியில் இருந்த மீட்டர் போர்டை அங்கே ஏற்றிவிட்டால் வெள்ளம் தொடாது என்றார்கள்.

அவர் வெல்ல மண்டிக்காரர். எதிராளிக்கு அவசரம் என்று மோப்பம் பிடித்துவிட்டால் ஒரு ரூபாய்கூட இறங்கமாட்டார். குடியிருப்புச் செயலாளர் கிருபாகரன் ஆறாயிரம் என்றார். பிறகு எட்டு என்றார்.

“மழை ஆரம்பிக்கட்டும் சார். நீங்களே ஏறி வருவீங்க.”

மழை ஆரம்பித்தது.

அன்று அவர் மண்டியில் மூட்டைகளைப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தார். இங்கே படிக்கட்டுக்கு அடியில் முழங்கால் தண்ணீர். மெயின் சுவிட்சை அணைக்க, யாரையும் கூப்பிடாமல், முதலில் இறங்கியவள் வடிவு.

அவர் மனைவி.

ஏறி வரவில்லை.

மூன்று மாதம் கழித்து, இன்று, எலக்ட்ரீஷியன் ஜாபர் அந்தச் சுவரில் துளை போட்டான். காசுப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. முக்காலியை அவரே கொண்டுவந்து போட்டார். சுவரின் தூள் தலையெல்லாம் படிந்தது. தட்டிக்கொள்ளவில்லை.

மாலைக்குள் எட்டு மீட்டரும் மேலே ஏறிவிட்டன. ஆனால் வயர்களில் எழுதியிருந்த வீட்டு எண்களை வெள்ளம் அழித்திருந்தது. எல்லோரையும் வீட்டில் ஃபேன் சுவிட்சைப் போட்டுவைக்கச் சொன்னான் ஜாபர். ஒவ்வொரு வயராக மாட்டி, குரல் கொடுத்தான்.

“யாருக்கு வந்துச்சு?”

“எங்களுக்குப்பா.”

அடுத்தது.

“இங்க சுத்துது ஜாபர். மேல ஏத்திட்டியே, பில்லு கீழ இறங்குமா?”

“ஏசியை வித்துடுங்கக்கா. இறங்கும்.”

படிக்கட்டில் சிரிப்பு எழுந்தது. அவர் நிற்பதைப் பார்த்ததும் அடங்கியது.

அடுத்தது. அதற்கடுத்தது.

கடைசி வயர்.

“யாருக்கு வந்துச்சு?”

பதில் இல்லை.

ஜாபர் போர்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கை வேலையில் இருந்தது. வாய் பழக்கத்தில் இருந்தது.

“அண்ணே, அக்காவை ஒரு குரல் குடுக்கச்...”

முக்காலியில் அப்படியே நின்றுவிட்டான்.

கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே, ஆளில்லாத கூடத்தில், ஃபேன் சுற்றும் சத்தம்.

அவர் போர்டைப் பார்த்தார்.

மீட்டர் எட்டு. குரல் ஏழு.

பாக்கி ஒன்று.