கடைசிப் புள்ளி

கணினி விளையாட்டு ஒன்றில் ஒரு வீரனிடம் வாளும் மோதிரமும் இருந்தன. மூட்டை சுமக்க ஒரு கழுதையும் கூடவே வந்தது. சண்டையில் அவன் பெறும் அனுபவத்தைப் பெருக்கித் தருவதுதான் மோதிரத்தின் வேலை. அனுபவம் சேரச் சேர அவன் நிலை உயரும்; ஒவ்வொரு நிலை ஏறும்போதும் அவனுக்கு ஒரு புள்ளி கிடைக்கும். அதை வாளைக் கூராக்கவும் போடலாம், மோதிரத்தை வலுவாக்கவும் போடலாம்.

“இதையும் எனக்கே விட்டுடு. சீக்கிரம் மேல போயிடலாம். அப்புறம் வர்றதெல்லாம் உனக்குத்தான்” என்று மோதிரம் ஒவ்வொரு முறையும் சொல்லும். வாளும் சரி என்றுவிடும். வீரனும் அப்படியே போடுவான்.

நாற்பத்தொன்பதாம் நிலையில் ஒரு பாலத்தில் ஓநாய்கள் மறித்தன. வாள் எத்தனை முறை வெட்டியும் ஆழமாக இறங்கவில்லை. கடைசி ஓநாய் சாய்வதற்குள் கழுதை செத்து விழுந்துவிட்டது.

அந்தச் சண்டையோடு ஐம்பதாம் நிலை வந்தது. அதற்கு மேல் நிலையே கிடையாது. வீரன் கடைசிப் புள்ளியை வாளுக்குப் போட்டான். மோதிரத்தைக் கழற்றி மூட்டைக்குள் போட்டு, மூட்டையைத் தானே தோளில் ஏற்றிக்கொண்டான்.

கொஞ்ச தூரம் போனதும் வாள் கேட்டது: “கழுதை விழுந்த சண்டைக்கும் பெருக்கித்தான் கொடுத்தியா?”

“மூணு மடங்கு” என்றது மோதிரம்.