வலது கால்

எந்த வருடத்துத் திருவிழா என்பதில் எனக்குக் குழப்பம் உண்டு. கால் விஷயத்தில் இல்லை. நோய் தீர வேண்டி நேர்ச்சையாக வந்து குவியும் மெழுகுக் கைகளையும் இதயங்களையும் தொட்டில்களையும் கோயிலுக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் உருக்கி, மறுபடி அச்சில் ஊற்றுவது மதலேனாளின் வேலை. அவள் கணவன் எஸ்தாக்கிக்குச் சர்க்கரைப் புண். இடது கால் விரல்கள் கருத்துவிட்டன. கருத்தது இனித் திரும்பாது, வெள்ளிக்கிழமை அந்தக் காலையே எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர். அவளும் கடையில் ஒரு மெழுகுக் கால் வாங்கி, அடையாளத்துக்குக் குதிகாலில் நகத்தால் சிலுவை கீறி, பீடத்தில் வைத்து அழுதாள். புதன்கிழமை அதே கால் அவளுடைய கூடைக்கு வந்தது. கொப்பரையில் போடப் போனவள் கட்டைவிரலைப் பார்த்து நின்றுவிட்டாள். அது வலது கால்.

கூட வேலை செய்யும் கொர்னேலியிடம் கேட்டாள். "இடது கால் அச்சு எங்கடா இருக்கு?"

"அது எப்பக்கா இருந்துச்சு? ஒரே கால் அச்சுதான். பதினெட்டு வருசமா ஊத்துறீங்க, இன்னிக்குத்தான் கண்ணு தெரிஞ்சுதாக்கும்!" அவன் சிரித்தான். "உருக்கிட்டா எல்லாம் மெழுகுதானே."

அவள் உருக்கினாள். ஊற்றி, ஆறியதும் அச்சைப் பிரித்தாள். வலது கால். மறுபடியும் உருக்கினாள். சாயங்காலம்வரை அந்தக் காலே வந்துகொண்டிருந்தது. கடைசியில் இளஞ்சூட்டு மெழுகைக் கையாலேயே பிசைந்து பார்த்தாள். அது காலாகவே வரவில்லை.

வெள்ளிக்கிழமை எஸ்தாக்கியின் இடது காலை எடுத்துவிட்டார்கள். கொர்னேலி வேறு ஊருக்குப் போய்விட்டான். மதலேனாள் இன்னும் அதே அச்சில்தான் ஊற்றுகிறாள். எஸ்தாக்கியின் வலது காலில் இன்றுவரை ஒரு கொப்புளம்கூட வந்ததில்லை.