கேட்பவருக்குத் தெரியாத மொழி

மூன்றாவது ஸ்லைடு திரையில் விழுந்த நேரம் பார்த்து ஸ்டீவ் அரங்குக்குள் வந்தான்.

ஓவர்டைம் இருக்கிறது, வர முடியாது என்று காலையில் சொன்னவன். கம்பெனியின் நீலச் சட்டையைக்கூட மாற்றாமல் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தான்.

மைக்கின் முன்னால் நின்ற ஃபெபா அவனைப் பார்த்துவிட்டாள்.

திரையில் இருந்தது அவன் பேசிய வாக்கியம்.

'ஆ ஹுடுகிகெ ஜ்வர. ஏளோ, கிடகி சீட் கொடு.'

அதற்குக் கீழே தமிழில்: 'அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல். எழுந்திருடா, ஜன்னல் சீட்டைக் கொடு.'

சொன்னவர் பேசுநர் ஒன்று. கேட்டவர் அவருடைய நண்பர், பேசுநர் இரண்டு. இடம், ஓசூரில் ஒரு கம்பெனிப் பேருந்து. கருத்தரங்கில் யார் பெயரும் வெளியே வராது என்ற தைரியத்தில்தான் ஃபெபா அதைப் போட்டிருந்தாள்.

இயற்பியல் படித்தவள். தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே தபால்வழியில் மொழியியல் படிக்கிறாள். எல்லைப்பகுதி மொழிகளைப் பற்றி அவள் வாசிக்கும் முதல் கட்டுரை இது.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், பேருந்தில் பின்சீட்டிலிருந்து ஸ்டீவ் எந்தப் பிரிவு என்று கன்னடத்தில் கேட்டான். கன்னடம் தெரியாது என்று சொல்லிவிட்டாள்.

கர்நாடக எல்லையை ஒட்டிய ஜூஜுவாடியில் பிறந்து வளர்ந்தவள் சொல்லக் கூடாத பொய். புது ஆளோடு பேச்சை வளர்க்காமல் தப்பிக்க அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

மறுவாரத்திலிருந்து அவன் தன் பக்கத்தில் உட்காரும் கரியப்பனிடம் அவளைப் பற்றிக் கன்னடத்தில் பேச ஆரம்பித்தான். பச்சைத் துப்பட்டா எடுப்பாக இருக்கிறது. இன்றைக்கு முகம் வாடிக் கிடக்கிறது, சூப்பர்வைசர் திட்டிவிட்டாரோ என்னவோ.

கரியப்பன் தலையை மட்டும் ஆட்டுவான். ஸ்டீவ் முழங்கையால் இடித்தால் சிரிப்பான். அவளுக்குக் காய்ச்சல் வந்த அன்றைக்கு ஸ்டீவ் அவன் தோளைப் பிடித்துத் தூக்கித்தான் எழுப்பினான்.

அவள் வெளியே போகும் லாரிகளைப் பார்த்துக்கொண்டு, ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டு வந்தாள். வீட்டுக்குப் போனதும் எழுதியும் வைத்தாள்.

இரண்டு வருடம் ஒட்டுக்கேட்டிருக்கிறாள். தெரிந்தால் அவன் அப்படித்தான் நினைப்பான். தமிழிலேயே பேசிப் பழகி, போன மாதம் சர்ச்சில் இருவருக்கும் நிச்சயம் ஆனபோதும் அவளால் சொல்ல முடியவில்லை. கல்யாணத்துக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

இப்போது அவசரமாகக் கடைசி ஸ்லைடுக்குப் போய் முடிவுரையை வாசித்தாள்.

'ரகசியம் பேச நினைப்பவர்கள், கேட்பவருக்குத் தெரியாத மொழிக்கு மாறிக்கொள்கிறார்கள்.'

கைதட்டல் அடங்கியதும் பெங்களூரிலிருந்து வந்திருந்த பேராசிரியை எழுந்து கன்னடத்தில் கேட்டார். அந்தப் பெண்ணுக்குக் கன்னடம் தெரியாது என்று பேசுநர் ஒன்று நம்பினார் என்கிறீர்கள். அது உங்களுக்கு எப்படித் தெரியும்?

அமர்வுத் தலைவர் சவரியப்பன் ஐயா அவள் பக்கம் சாய்ந்தார்.

"கேள்வியை நான் தமிழ்ல சொல்லட்டுமாம்மா?"

தலையை ஆட்டினால் போதும். வாக்கியத்தை யாரோ தோழி மொழிபெயர்த்துக் கொடுத்தாள் என்று ஸ்டீவிடம் பிறகு சமாளித்துவிடலாம்.

அவன் முன்னால் குனிந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேணாங்க சார்," என்றாள் ஃபெபா.

பிறகு கன்னடத்தில் சொன்னாள். அந்தப் பெண் நான்தான். தெரியாது என்று அவரிடம் பொய் சொன்னதும் நான்தான். அவர் சொன்னதையெல்லாம் கேட்டேன். கேட்கப் பிடித்திருந்தது. எனக்குக் கன்னடம் தெரியும் என்பது அவருக்கு இந்த நிமிடம்தான் தெரியும்.

கன்னடம் தெரிந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். தெரியாதவர்கள் பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு, கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார்கள்.

ஸ்டீவ் எழுந்து நின்றான். அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை. மைக் கைமாறிக் கைமாறிக் கடைசி வரிசைக்குப் போனது.

"வணக்கம். பேசுநர் ஒண்ணு நான்தாங்க."

"வாப்பா, உன்னைத்தான் தேடிட்டு இருந்தோம்," என்றார் சவரியப்பன் ஐயா. இந்த முறை எல்லோரும் ஒன்றாகச் சிரித்தார்கள்.

"மேடம் கேட்டதுக்குப் பதில் சொல்லிடறேன். ஜூஜுவாடிப் பொண்ணு கன்னடம் தெரியாதுன்னா யாராச்சும் நம்புவாங்களா? இவங்க வேலைக்குச் சேர்ந்த வாரம் ஞாயித்துக்கிழமையே, எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளி மீன்கடையில இவங்களப் பார்த்தேன். அப்படி ஒரு பேரம். கடைக்காரன், போதும் தாயேன்னு கும்பிட்டுட்டான். எல்லாம் கன்னடத்துலதான்."

ஃபெபா நிமிர்ந்தாள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"அட, தெரிஞ்சுமா அந்தப் பொண்ணு காதுல விழற மாதிரி பேசினே? அப்புறம் எதுக்குக் கன்னடம்? கூட்டாளிகிட்ட சொல்றதைத் தமிழ்லயே சொல்லியிருந்தா என்னப்பா?" என்று விடாமல் கேட்டார் சவரியப்பன் ஐயா.

ஸ்டீவ் பின்கழுத்தைச் சொறிந்தான். முடிவுரை திரையில் அப்படியே நின்றது.

"கரியப்பன் பரமக்குடிக்காரன் சார். அவனுக்குக் கன்னடத்துல ஒரு வார்த்தை தெரியாது."